கவ்.யூகே: பெயர் மாறிய துறைகளும் மாறக்கூடாத முகவரிகளும்

2007இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவை முன்னவராக இருந்தவர் ஜாக் ஸ்ட்ரா. அந்த ஆண்டு அவர் உடைந்துபோகும் இணைய லிங்குகளைப் பற்றி அமைச்சரவை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். உறுப்பினர்களின் கேள்விக்கு அமைச்சர்கள் எழுத்தில் பதில் தரும்போது, விவரத்தை முழுக்க எழுதாமல் இணையப் பக்கம் ஒன்றின் முகவரியைக் கொடுத்துவிடுவது அப்போது வழக்கமாகியிருந்தது. அந்தப் பதில் அப்படியே ஹன்சார்டில், அதாவது அவைக் குறிப்பில், ஏறிவிடும். சில ஆண்டுகள் கழித்து யாராவது அந்த முகவரியைத் தட்டிப் பார்த்தால் பக்கம் இருக்காது. 1997 முதல் 2006 வரையிலான ஹன்சார்டில் இருந்த அரசுத் தளங்களின் லிங்குகளைச் சோதித்தபோது அவற்றில் 60 விழுக்காடு உடைந்திருந்தன.

அச்சான ஹன்சார்ட் நூலக அலமாரியில் பத்திரமாகத்தான் இருக்கிறது. அமைச்சர் சொன்ன பதில் மட்டும் அதிலிருந்து கழன்று போயிருக்கிறது. ஒரு நாட்டின் ஆவணத்துக்கு இது சின்ன இழப்பில்லை.

இணைய முகவரியை எப்படி அமைப்பது, கோப்பின் எக்ஸ்டென்ஷன் (பெயரின் கடைசியில் வரும் .பிஎச்பி போன்ற ஒட்டு) அதில் தெரியலாமா என்று வலைச் செயலி கட்டுகிற எங்கள் தொழிலில் ஓயாமல் பேசுவோம். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் பிரிட்டிஷ் அரசின் இணையதளமான கவ்.யூகேயின் இந்தக் கதையைத்தான் எடுத்துச் சொல்வேன். தவறு எப்படி நடந்தது, எப்படித் திருத்தினார்கள் என்பதெல்லாம் வெளிப்படையாகவே தெரிகிறது. திருத்தியவர்கள் பிறகு சறுக்கிய இடமும் தெரிகிறது.

பெயர்ப்பலகை மாறும் துறை

லண்டனில் வணிகத்தையும் தொழிலையும் கவனித்துக்கொண்ட துறைக்கு டிடிஐ என்று சுருக்கப் பெயர். அதன் தளம் டிடிஐ.கவ்.யூகே. 2007இல் பிரதமர் மாறியதும் துறையைப் பிரித்து, மிச்சத்துக்கு பிஇஆர்ஆர் என்று பெயர் வைத்தார்கள். தளமும் பிஇஆர்ஆர்.கவ்.யூகே ஆனது. இரண்டே ஆண்டில், 2009இல், அதை வேறொரு துறையோடு சேர்த்து பிஐஎஸ் ஆக்கினார்கள். மறுபடியும் புதுத் தளம். 2016இல் எரிசக்தித் துறையோடு சேர்ந்து பிஇஐஎஸ். 2023இல் அதன் வேலைகளை மூன்று துறைகளாகப் பிரித்துவிட்டார்கள். பதினாறு ஆண்டில் பெயர்ப்பலகை நான்கு முறை மாறியிருக்கிறது.

வரித்துறையும் இப்படித்தான். உள்நாட்டு வருவாய்த் துறையும் சுங்கத் துறையும் 2005இல் ஒன்றாகி எச்எம்ஆர்சி ஆயின.

இப்போது ஒரு சிறு கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஓர் ஆளை வேலைக்கு வைக்கப் போகிறார். சட்டப்படி குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று அவருக்குத் தெரிய வேண்டும். டிடிஐ இருந்தபோதும் இதே கேள்விதான், பிஐஎஸ் வந்தபோதும் இதே கேள்விதான். பதிலில் தொகை மாறும், கேள்வி மாறாது. ஆனால் பதில் இருந்த பக்கத்தின் முகவரியோ துறையின் பெயரில் தொடங்கியது. பலகையைக் கழற்றியபோது அதோடு கேள்விக்கான வழியையும் கழற்றிவிட்டார்கள்.

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். முகவரியில் எதையெல்லாம் சேர்க்கக் கூடாது என்று அதில் வரிசையாகச் சொல்கிறார்: எழுதியவர் பெயர், 'வரைவு' 'இறுதி' போன்ற நிலை, யார் பார்க்கலாம் என்ற அனுமதி விவரம், கோப்பின் எக்ஸ்டென்ஷன், உள்ளே ஓடும் மென்பொருளின் அடையாளம். பக்கம் பிறந்த தேதியைச் சேர்ப்பதில் அவருக்குத் தடையில்லை, ஏனென்றால் தேதி மாறாது. பொருள்வாரியாகப் பிரிப்பதைப் பற்றி அவர் கொஞ்சம் தயங்குகிறார். இன்று இரண்டு தலைப்பாகத் தெரிவது நாளை ஒன்றாகலாம் என்பது அவர் கவலை. அந்தத் தயக்கம் எவ்வளவு சரி என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

இதே காரணத்துக்காக நான் அந்தப் பட்டியலில் துறையின் பெயரையும் சேர்த்துக்கொள்வேன்.

அந்த வால் எங்கிருந்து வந்தது

எக்ஸ்டென்ஷனை நாங்கள் 'வால்' என்றே சொல்வோம். முகவரியின் கடைசியில் .ஏஎஸ்பி என்றோ .பிஎச்பி என்றோ ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். பிரவுசருக்கு அது தேவையே இல்லை. சர்வர் பக்கத்தை அனுப்பும்போது தலைப்பகுதியில் 'கன்டென்ட்-டைப்' என்று ஒரு வரி அனுப்புகிறது. இது எச்டிஎம்எல், இது படம், இது பிடிஎஃப் என்று அந்த வரி சொல்லிவிடும். பிரவுசர் நம்ப வேண்டியது அதைத்தான்.

அப்படியானால் வால் ஏன் வந்தது? சர்வருக்காக. ஆரம்ப காலத்தில் முகவரி என்பது வட்டில் இருக்கும் கோப்பின் பாதை, அவ்வளவுதான். பிறகு மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வர் வந்தது. வருகிற வேண்டுகோளை எந்த நிரலிடம் ஒப்படைப்பது என்பதை அது வாலைப் பார்த்தே முடிவு செய்தது. .ஏஎஸ்பி என்றால் ஒரு நிரல், .ஏஎஸ்பிஎக்ஸ் என்றால் இன்னொன்று. அதாவது, சமையலறைக்குள் யார் எந்த அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்த குறிப்பு, சாப்பிட வந்தவர் கையில் இருக்கும் சீட்டிலும் அச்சாகிவிட்டது.

1996 கடைசியில் .ஏஎஸ்பி வந்தது. 2002இல் மைக்ரோசாஃப்டின் புதிய நிரல் கட்டமைப்பான டாட் நெட் வந்ததும் .ஏஎஸ்பிஎக்ஸ். வலைப்பக்கங்களுக்கான நிரல் மொழியான பிஎச்பியின் உலகிலும் இதே கதை. 1998இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது கோப்புகளுக்கு .பிஎச்பி3 என்று வால் வைத்தார்கள். 2000இல் நான்காம் பதிப்பு வந்ததும் பலரும் முகவரியை மாற்ற வேண்டியதாயிற்று. மொழியின் பதிப்பு எண்ணை வாசகரின் முகவரியில் எழுதியதன் விளைவு அது. ஜாவாக்காரர்களின் .ஜேஎஸ்பி, .டூ; கோல்டுஃப்யூஷனின் .சிஎஃப்எம், அதற்கும் முந்தைய சிஜிஐ-பின் என்ற அடைவு. ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்துக் கருவியின் முத்திரை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாங்களே இந்தத் தவறைச் செய்தோம். ஒரு கல்வி நிறுவனத்துக்காகச் சேர்க்கை விண்ணப்பச் செயலி ஒன்றை எங்கள் அலுவலகம் பராமரித்து வந்தது. .ஏஎஸ்பியில் இருந்த அதை .ஏஎஸ்பிஎக்ஸில் புதிதாக எழுதினோம். நல்ல வேலை, வேகமாக ஓடியது, எல்லோருக்கும் சந்தோஷம். விண்ணப்பக் கையேடு அதற்கு முன்பே அச்சாகி ஊர் ஊராகப் போய்விட்டது என்பது எங்கள் நினைவில் இல்லை. கையேட்டில் இருந்தது பழைய முகவரி. மறுநாள் காலையிலிருந்து தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. கணினி மையத்தில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள், 'பக்கம் இல்லை என்று வருகிறது சார்' என்றார்கள். ஒரே ஓர் எழுத்து கூடியதற்காக.

அதைச் சரிசெய்தது பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

2012 அக்டோபர் 17

2010இல் மார்த்தா லேன் ஃபாக்ஸ் பிரிட்டிஷ் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். துறைக்கு ஒரு தளம், திட்டத்துக்கு ஒரு தளம் என்று சிதறிக் கிடப்பதை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம். அதன் பேரில் 2011இல் ஜிடிஎஸ் என்ற டிஜிட்டல் சேவைக் குழு அமைந்தது. 2012 அக்டோபர் 17 அன்று கவ்.யூகே அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அன்று இரண்டு பெரிய தளங்கள் ஓய்வு பெற்றன. ஒன்று, 2004இல் தொடங்கிய டைரக்ட்கவ், பொதுமக்களுக்கானது. மற்றொன்று பிசினஸ் லிங்க், தொழில் செய்பவர்களுக்கானது.

இரண்டின் முகவரிகளும் பார்க்கவே சிரமமானவை. டைரக்ட்கவ் முகவரியில் தலைப்பு, உள்தலைப்பு, அதற்கும் உள்தலைப்பு என்று ஒரு நீண்ட பாதை இருக்கும். கடைசியில் டிஜி என்று தொடங்கும் ஓர் எண் வரும். பிசினஸ் லிங்க் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் 'டாபிக்ஐடி' அல்லது 'ஐட்டம்ஐடி' என்று பத்து இலக்க எண் இருக்கும். அதன் பின்னால் இன்னும் சில சொற்கள் தொங்கும். இரண்டிலும் நிலையாக நின்ற பகுதி அந்த எண் மட்டும்தான் என்பது என் கணிப்பு. ஆனால் அதை மனிதரால் படிக்கவும் முடியாது, தொலைபேசியில் சொல்லவும் முடியாது.

ஜிடிஎஸ் குழு எடுத்த முடிவு இது: ஒரு லிங்கைக்கூட அநாதையாக விடக் கூடாது. சொல்வது எளிது. செய்ய வேண்டுமானால் பழைய தளத்தின் ஒவ்வொரு முகவரியையும் எடுத்து, அதற்கு என்ன பதில் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அதைத்தான் செய்தார்கள். ஒரு நீண்ட அட்டவணை. ஒரு பக்கம் பழைய முகவரி, எதிரே புதிய முகவரி, அடுத்த பத்தியில் ஒரு நிலைக்குறியீடு. அந்தக் குறியீடு பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். 301 என்றால் 'நிரந்தரமாக இங்கே குடிபெயர்ந்துவிட்டது' என்று பொருள். பிரவுசரும் தேடுபொறியும் புதிய முகவரியையே இனி நினைவில் வைத்துக்கொள்ளும். 410 என்றால் 'இருந்தது, வேண்டுமென்றே எடுத்துவிட்டோம்'.

இந்த 410 விஷயத்தில்தான் எனக்கு அந்தக் குழுமேல் பெரிய மரியாதை. பலரும் செய்வது என்ன? பழைய முகவரி எது வந்தாலும் முகப்புப் பக்கத்துக்குத் தள்ளிவிடுவார்கள். வந்தவருக்குத் தான் தேடியது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது; வீட்டைத் தேடி வந்தவரை ஊர் எல்லையில் இறக்கிவிட்டுப் போவதுபோல. ஜிடிஎஸ் அப்படிச் செய்யவில்லை. புதிய தளத்துக்கு வராத பக்கம் என்றால் அதை நேராகச் சொல்லிவிட்டு, தேசிய ஆவணக் காப்பகம் எடுத்து வைத்திருந்த பழைய பிரதிக்கு லிங்க் கொடுத்தார்கள். அதற்காகவே ஒவ்வொரு பழைய தளத்தின் அமைப்புக் கோப்பிலும், காப்பகம் அந்தத் தளத்தைப் பிடித்து வைத்த நேரத்தைக் குறித்துவைத்தார்கள். ஜாக் ஸ்ட்ராவின் கடிதத்தைத் தொடர்ந்து அரசுத் தளங்களை ஒழுங்காகச் சேமிக்கும் வேலையைக் காப்பகம் முன்பே தொடங்கியிருந்தது. அது இல்லாவிட்டால் இந்த 410 பக்கங்களில் கொடுக்க எதுவும் இருந்திருக்காது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கேள்விக்குறிக்குப் பின்னால் வருகிற சொற்களில் எது பக்கத்தைத் தீர்மானிக்கிறது, எது வெறும் ஒட்டு? பிசினஸ் லிங்கில் டாபிக்ஐடி மாறினால் பக்கமே மாறும். இன்னொரு சொல், வாசகர் எந்த வழியாக வந்தார் என்பதை மட்டும் குறிக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்து ஒப்பிட்டால் அட்டவணையில் எதுவும் பொருந்தாது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் ஆயிரம் பக்கங்கள் ஒரே பக்கமாகிவிடும். ஆகவே தளத்துக்குத் தளம், 'இங்கே பொருட்படுத்த வேண்டிய சொற்கள் இவை' என்று எழுதி வைத்தார்கள். பழைய செயலியை மாற்றுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பேன். செயலியை எழுதியவர் இன்னும் அலுவலகத்தில் இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதி வாங்கிவிட வேண்டும்.

ஆரம்பத்தில் இந்த விதிகள் எல்லாம் என்ஜின்எக்ஸ் சர்வரின் அமைப்புக் கோப்புகளில் இருந்தன. ஒவ்வொரு துறையாக வர வர அந்தக் கோப்புகள் வீங்கின. ஒரு வரியை மாற்றவும் நிரலாளர் ஒருவர் வேண்டியிருந்தது. பிறகு திருப்பிவிடும் வேலைக்கென்றே 'பவுன்சர்' என்று தனிச் செயலி எழுதினார்கள்; அட்டவணையைத் துறைக்காரர்களே திருத்துவதற்கு இன்னொரு செயலியும் செய்தார்கள். துறையின் பழைய பக்கம் எதற்குச் சமம் என்பது துறைக்காரருக்குத்தான் தெரியும் என்பதால் இது நல்ல முடிவு. அமைச்சகங்கள் இருபத்து நான்கும் 2013 ஏப்ரலுக்குள் வந்து சேர்ந்தன. முந்நூறுக்கும் மேற்பட்ட சிறிய அமைப்புகள் 2014 டிசம்பருக்குள் வந்தன.

புதிய முகவரிகள்

கவ்.யூகேயின் பொதுப் பக்கங்களுக்கு வைத்த முகவரிகளைப் பாருங்கள். வாட் வரி விகிதங்களுக்கு, டொமைனுக்குப் பிறகு சாய்கோடு போட்டு 'வாட்-ரேட்ஸ்'. வங்கி விடுமுறைக்கு 'பேங்க்-ஹாலிடேஸ்'. பேறுகால விடுப்புக்கும் ஊதியத்துக்கும் 'மெட்டர்னிட்டி-பே-லீவ்'. எல்லாம் சிறிய எழுத்து, சொற்களுக்கு நடுவே இணைப்புக்கோடு. வால் இல்லை, துறைப் பெயர் இல்லை. முக்கியமாக, தலைப்புக்குள் தலைப்பு என்ற பாதையும் இல்லை. 'வரி, அதற்குள் வாட், அதற்குள் விகிதம்' என்று அடுக்காமல் எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வைத்துவிட்டார்கள்.

பெர்னர்ஸ்-லீயின் தயக்கத்துக்கு இதுதான் விடை என்று நினைக்கிறேன். பொருள்வாரிப் பிரிவு என்பது பக்கங்களை உலாவுவதற்கான ஏற்பாடு. அது மெனுவில் இருக்கட்டும், வருஷா வருஷம் மாறட்டும். முகவரிக்குள் அதை நுழைத்துவிட்டால், பின்னால் மெனுவை மாற்றும்போதெல்லாம் முகவரி உடையும். மெனுவையும் முகவரியையும் பிரித்து வைத்ததுதான் கவ்.யூகே செய்த பெரிய காரியம். வாலை எடுத்ததைவிடப் பெரியது.

துறை வெளியிடும் அறிக்கைகளுக்கும் இதே எண்ணம்தான். 'கவர்ன்மென்ட்', அடுத்து 'பப்ளிகேஷன்ஸ்', அடுத்து அறிக்கையின் தலைப்பு. எந்தத் துறை என்பது பக்கத்தில் எழுதியிருக்கும், முகவரியில் இருக்காது. ஒரே தலைப்பில் இரண்டாவது அறிக்கை வந்தால் கடைசியில் இரண்டு கோடு போட்டு 2 என்று சேர்த்துவிடும். அழகில்லைதான், ஆனால் முதல் அறிக்கையின் முகவரியைத் தொந்தரவு செய்யவில்லை. இதன் பலன் 2016இல் தெரிந்தது. பிஐஎஸ் போய் பிஇஐஎஸ் வந்தபோது அதற்கென்று புதிய தளம் எழவில்லை. பழைய அறிக்கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. 2023இல் மூன்றாகப் பிரிந்தபோதும் அப்படியே. துறைகளுக்கான அறிமுகப் பக்கங்களின் முகவரியில் மட்டும் துறைப் பெயர் உண்டு. அங்கே அது பொருத்தம்தான், அந்தப் பக்கத்தின் விஷயமே துறைதானே. பிஐஎஸ் பக்கம் இன்றும் இருக்கிறது. இந்தத் துறை மூடப்பட்டது, இதன் இடத்தில் வந்தது இது என்று சொல்கிறது.

இவ்வளவு யோசித்தும் ஓரிடத்தில் காலம் அவர்களை முந்தியது. வாகன வரி கட்டினால் பிரிட்டனில் முன்பு வட்டமான ஒரு காகிதச் சீட்டு தருவார்கள். காரின் முன்கண்ணாடியில் அதை ஒட்ட வேண்டியிருந்தது. 'டாக்ஸ் டிஸ்க்' என்று பெயர். வரி கட்டும் பக்கத்துக்கு முதலில் வைத்த முகவரியும் 'டாக்ஸ்-டிஸ்க்'தான். மக்கள் வாயில் இருந்த சொல் அது. தேடும்போதும் அதையே தட்டுவார்கள். 2014 அக்டோபர் 1 முதல் அந்தச் சீட்டையே ஒழித்துவிட்டார்கள். வரி உண்டு, சீட்டு இல்லை. முகவரி 'வெஹிகிள்-டாக்ஸ்' ஆனது. பழையது புதியதற்குத் திருப்பிவிடப்பட்டது. இந்த ஒரு சம்பவத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். வந்தவருக்கு வேண்டியது வரி கட்டுவது. சீட்டு அதற்கான அத்தாட்சி. முகவரி வேலையின் பெயரில் இல்லாமல் அத்தாட்சியின் பெயரில் இருந்தது. நம் ஊர்ச் செயலிகளில் படிவத்தின் எண்ணையே முகவரியாக வைக்கும் பழக்கம் இருக்கிறதே, அதுவும் இதே வகை. படிவத்துக்குப் புது எண் வந்துவிட்டால் என்ன செய்வது?

வாலுக்கு இடம் உண்டு

வால் எங்குமே கூடாது என்று சிலர் பிடிவாதமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கவ்.யூகேயின் வங்கி விடுமுறைப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். மனிதர் படிக்கிற பக்கத்துக்கு வால் இல்லை. அதே முகவரியில் .ஜேசன் சேர்த்தால் நிரல்கள் படிக்கிற தரவு வரும். நாள்காட்டியில் ஏற்றிக்கொள்ள .ஐசிஎஸ் கோப்பு உண்டு; இங்கிலாந்து-வேல்ஸுக்கு ஒன்று, ஸ்காட்லாந்துக்கு ஒன்று, வடக்கு அயர்லாந்துக்கு ஒன்று. இங்கே வால் சொல்வது பெறுகிறவருக்கு என்ன வடிவம் கிடைக்கும் என்பதை. அதை வாசகரே தேர்ந்தெடுக்கிறார். சர்வருக்குள் ரூபி ஓடுகிறதா பைத்தான் ஓடுகிறதா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்டிடிபியில், வடிவத்தைப் பேசி முடிவு செய்ய 'அக்செப்ட்' என்ற தலைப்பு வரி இருக்கிறது. வால் இல்லாமலே பிரவுசர் எச்டிஎம்எல் கேட்கலாம், நிரல் ஜேசன் கேட்கலாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவர் இன்னொருவருக்கு 'இந்த ஜேசனைப் பார்' என்று லிங்க் அனுப்ப வேண்டுமானால் அந்த வடிவத்துக்குத் தனி முகவரி வேண்டும். ஆகவே வாலில்லாத முகவரியை முதன்மையாக வைத்து, வடிவங்களுக்கு வாலோடு கிளை முகவரி வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

சறுக்கிய இடம் இணைப்புக் கோப்புகள். அறிக்கையின் பக்கத்துக்கு அவ்வளவு கவனமாக முகவரி வைத்தவர்கள், அதிலிருந்து இறக்கிக்கொள்ளும் பிடிஎஃபின் முகவரியை அப்படிக் கவனிக்கவில்லை. 'அப்லோட்ஸ்', 'சிஸ்டம்', மறுபடியும் 'அப்லோட்ஸ்', 'அட்டாச்மென்ட்-டேட்டா', 'ஃபைல்', அப்புறம் ஓர் எண், அதன்பின் கோப்பின் பெயர். ரூபி மொழியின் வலைக் கட்டமைப்பான ரெயில்ஸில் வேலை செய்தவர்களுக்கு இந்தப் பாதையைப் பார்த்ததும் உள்ளே இருக்கும் கோப்புறைகளும் நிரலின் வகுப்புப் பெயரும் தெரிந்துவிடும். வாசல் கதவைச் சாத்தியவர்கள் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள். ஆய்வாளர்களும் பத்திரிகைக்காரர்களும் தேடுபொறியிலிருந்து நேராக பிடிஎஃபுக்குத்தான் வருவார்கள். அடிக்குறிப்பில் அந்த முகவரியையே எழுதுவார்கள். அப்படி எத்தனையோ அடிக்குறிப்புகளில் அந்த நீண்ட பாதை ஏறிவிட்டது. பிறகு புதிய கோப்புகளை 'மீடியா' என்ற எளிய பாதைக்கு மாற்றினார்கள். இறக்கிக்கொள்ளும் கோப்பும் ஒரு முகவரிதான் என்பதைச் செயலி வரைகிற முதல் வாரத்திலேயே நினைவில் வைக்க வேண்டும்.

தமிழில் முகவரி வைப்பவர்களுக்கு

தமிழ்த் தளம் நடத்துகிறவர்களுக்கு இதோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது: முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமா? பிரவுசரின் மேல்பட்டையில் அழகாகத் தமிழில் தெரியும். படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பல இடங்களில் % குறிகளாக விரிந்துவிடும். 'பொங்கல்' என்ற சொல்லுக்கு யூனிகோடில் ஏழு குறியெண்கள். அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் % குறியோடு மூன்று எழுத்தாக எழுதப்படும். ஆக ஒரு சொல்லுக்கு 63 எழுத்து.

நீளம்கூடப் பரவாயில்லை. இதைவிட ஆழமான சிக்கல் அந்த 'பொ'வில் இருக்கிறது. ஒகர உயிர்மெய்க் குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம்; கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், சர்வருக்கு இரண்டும் வெவ்வேறு முகவரி. ஒரு விசைப்பலகையில் தட்டினால் பக்கம் வரும், இன்னொன்றில் தட்டினால் 404, அதாவது 'பக்கம் இல்லை'. முகவரியைச் சேமிக்கும்போதும் ஒப்பிடும்போதும் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். இதைச் செய்யாத தமிழ்ச் செயலிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மதுரைத் திட்டத்தின் முகவரிகள் எனக்குப் பிடித்தமானவை. 1998இல் தொடங்கிய அந்தத் தன்னார்வத் திட்டம், தமிழ் நூல்களை மின்னூலாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்தது. பக்கத்தின் பெயர் 'பிஎம்யூனி', பின்னால் நான்கு இலக்க எண், அப்புறம் .எச்டிஎம்எல். பாதையில் 'யூடிஎஃப்8' என்றும் இருக்கும். எழுத்துருக் குறியாக்கங்கள் பலவாக இருந்து யூனிகோடுக்கு மாறிய காலத்தின் தழும்பு அது. இன்று தொடங்கினால் அந்தச் சொல்லும் வாலும் வேண்டியிருக்காது. ஆனால் நூலுக்குக் கொடுத்த எண்ணை அவர்கள் வேறொன்றுக்குக் கொடுப்பதில்லை. அதனால் அந்த எண்ணை நம்பி மேற்கோள் காட்ட முடிகிறது.

தமிழில் ஒரு செயலிக்கு முகவரி வகுக்கச் சொன்னால் நான் இந்த இரண்டையும் சேர்ப்பேன். முதலில் மாறாத எண், பின்னால் படிப்பதற்காகத் தலைப்பு. சர்வர் எண்ணை மட்டும் பார்த்துப் பக்கத்தைத் தர வேண்டும். தலைப்புப் பகுதி வெட்டுப்பட்டு வந்தாலும், எழுத்துப் பிழையோடு வந்தாலும், சரியான முகவரிக்கு 301 போட்டு அனுப்பிவிடலாம். தலைப்பைத் திருத்தினாலும் பழைய லிங்க் வேலை செய்யும்.

வால் இல்லாமல் செய்வது இன்று கடினமே இல்லை. அப்பாச்சி சர்வரில் மல்டிவியூஸ் என்று ஒரு வசதி பல காலமாக இருக்கிறது. வாலில்லாத பெயரைக் கேட்டால் அதே பெயரில் வாலோடு இருக்கும் கோப்பைத் தேடித் தரும். என்ஜின்எக்ஸில் ட்ரை-ஃபைல்ஸ் ஒரு வரி. ஐஐஎஸ்ஸிலும் ஏழாம் பதிப்பிலிருந்து எளிதாகிவிட்டது. இன்றைய கட்டமைப்புகள் எல்லாமே முகவரிக்கும் நிரலுக்கும் நடுவில் ஒரு வழித்தட அட்டவணை வைத்திருக்கின்றன. பழைய வாலை வழித்தடத்தில் விட்டுவைப்பதும் முடியும். பத்து வருடமாக .பிஎச்பியோடு ஓடிக்கொண்டிருக்கும் முகவரியை, அழகுக்காக மட்டும் மாற்ற வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பிஎச்பியை விட்டுப் போனாலும் புதிய நிரல் அதே .பிஎச்பி முகவரிக்குப் பதில் தரலாம், யாரும் தடுக்கவில்லை.

செலவு பிறகுதான் வரும். பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட் அட்டவணையை யாராவது தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய டொமைனுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். விட்டுவிட்டால் வேறொருவர் வாங்கி, உங்கள் பெயரை நம்பி வருகிறவர்களை எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். கவ்.யூகே என்று முடியும் பெயர்களைக் கண்டவர் வாங்க முடியாது என்பதால் பிரிட்டிஷ் அரசுக்கு அந்தப் பயம் இல்லை. நம்மைப் போன்றவர்களுக்கு உண்டு. ஒப்பந்தம் போடும்போதே 'பழைய முகவரிகள் பராமரிப்பு' என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுவது இப்போது என் வழக்கம். வாடிக்கையாளர் கேட்டால் அந்த விண்ணப்பக் கையேட்டின் கதையைச் சொல்வேன்.

அன்று மாலை நாங்கள் செய்தது இவ்வளவுதான். பழைய .ஏஎஸ்பி முகவரி எது வந்தாலும், அதே பெயரில் இருக்கும் .ஏஎஸ்பிஎக்ஸுக்கு 301 போட்டுத் திருப்பும் சிறிய நிரல். கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை அப்படியே எடுத்துச் செல்ல வேண்டும் என்பதை முதலில் மறந்து, பிறகு சேர்த்தோம். எழுதி, சோதித்து, ஏற்றி முடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தொலைபேசி நின்றது. அன்று காலையிலிருந்து மாலைவரை கணினி மையங்களில் காசு கொடுத்து உட்கார்ந்து எழுந்து போன பிள்ளைகளில் எத்தனை பேர் மறுபடி வந்து விண்ணப்பித்தார்கள் என்பதை எங்கள் பதிவேட்டிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. 404 பதிவுகளை அந்த சர்வரில் நாங்கள் சேமித்து வைத்திருக்கவில்லை.